பால்சகிக்கு ஏஜெண்ட் கிடையாது

மும்பையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு வந்தால் முதல் வேலையாக அதற்குப் பொட்டு வைக்கிறார்கள். சாமந்தி மாலை, ஊதுவத்தி, ஒரு தேங்காய், ரிப்பன் வெட்ட உள்ளூர்த் தலைவர் ஒருவர். தேங்காயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உடைத்த தேங்காய் சாயங்காலம் சட்னியாகவாவது ஆகும். அந்தப் போர்டு வந்த பிறகு நான்காம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பூசை போட்டவரிடம் பதில் இருக்காது. விற்றவரிடமும் இருக்காது. காசு கொடுத்து வாங்கியவரிடமும் இருக்காது. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை மட்டும் மூவரிடமும் இருக்கும். இப்படிச் சோதித்துப் பார்க்காமல் கும்பிடுவதைத்தானே நாம் இத்தனை காலம் மூடநம்பிக்கை என்று சொல்லி வந்தோம்?

மகாராஷ்டிரத்தில் இதற்கு எதிராக ஒரு சட்டமே இருக்கிறது. நரேந்திர தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் சுட்டுக் கொன்றார்கள். அவர் பல ஆண்டுகள் போராடியும் நிறைவேறாத மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் அந்த டிசம்பரில் நிறைவேறியது. அதற்கு வெகு முன்பே, 1954இல், மந்திர மருந்து விளம்பரங்களுக்கு எதிராக மத்திய அரசின் சட்டம் வந்துவிட்டது. ஆகவே மும்பை வடாலாவில் தர்கா பக்கத்திலோ விட்டல் கோயில் பக்கத்திலோ உட்கார்ந்து, "இந்தத் தாயத்தைக் கட்டினால் பிள்ளைக்கு மூளை வளரும்" என்று ஒருவன் 200 ரூபாய்க்கு விற்றால் அவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். அதே வாக்குறுதியை டேப்பில் ஏற்றி, அதற்கு ஒரு இ.எம்.ஐ.யும் போட்டு விற்பவருக்கு அந்தப் பயம் இல்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் 2020ஐ நினைத்துப் பாருங்கள். வைட்ஹாட் ஜூனியர் இதே மும்பையில் தொடங்கிய நிறுவனம். ஆறு வயதுக் குழந்தை கோடிங் கற்க வேண்டும் என்று ஊரடங்கு முழுக்க நம் வீட்டுத் திரைகளில் அது சொல்லிக்கொண்டே இருந்தது. கோடிங் கற்று, கூகுளில் கோடிக்கணக்கான சம்பளத்துக்குச் சேர்ந்த சிறுவன் என்று ஒரு 'உல்ஃப் குப்தா'வைக் காட்டினார்கள். விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயதும் மாறியது, சம்பளமும் மாறியது. அப்படி ஒரு பையன் இல்லவே இல்லை, கற்பனைப் பாத்திரம். அந்த ஆண்டு ஆகஸ்டில் பைஜூஸ் அந்த நிறுவனத்தை 30 கோடி டாலருக்கு வாங்கியது. விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்டு ஐந்து விளம்பரங்களை விலக்கிக்கொள்ளச் சொன்னது. அவ்வளவுதான் தண்டனை. தாயத்துக்காரன் பொறாமைப்பட்டிருப்பான்.

வாங்கிய பைஜூஸின் கதை ஊருக்கே தெரியும். விளம்பரத்துக்கு ஷாருக்கான், இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டை, கத்தார் உலகக் கோப்பை, மெஸ்ஸி. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பு. பிள்ளைகளின் போன் நம்பர்களை விலைக்கு வாங்கிப் பெற்றோரை நெருக்குகிறார்கள் என்று அந்த டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் குற்றம் சாட்டியது, நிறுவனம் மறுத்தது. 2024 ஜூலை 16 அன்று நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. எதற்காக? கிரிக்கெட் வாரியத்துக்கு வைத்திருந்த சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக. சட்டையில் பெயர் போட்ட காசு! உலகிலேயே மதிப்பு மிக்க கல்வி நிறுவனம் என்று பெயரெடுத்தது கடைசியில் விளம்பரச் செலவில் தடுக்கி விழுந்தது.

இது முதல் தடவையும் இல்லை. 1994இல் தொடங்கிய எஜுகாம்ப், பள்ளி முதலீடே போட வேண்டாம், போர்டும் பாடமும் நாங்களே கொண்டுவந்து மாட்டுகிறோம், பிள்ளைக்கு மாதம் இவ்வளவு கொடுத்தால் போதும் என்று வந்தது. பள்ளி அந்தக் காசைக் கட்டணத்தில் ஏற்றியது. 2006இல் பங்குச் சந்தையில் அதற்கு அமோக வரவேற்பு. 2017இல் திவால் மன்றத்தில் நின்றது. நடுவில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்ற இரண்டு சொற்கள் ஒவ்வொரு தனியார் பள்ளியின் நோட்டீஸிலும் ஏறிவிட்டன. நிறுவனம் மூழ்கியது. நோட்டீஸில் அந்தச் சொற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்தச் சந்தையில் ஒரு விசித்திரம். பயன்படுத்துபவர் வாங்குவதில்லை, வாங்குபவர் பயன்படுத்துவதில்லை. டெமோ பார்ப்பது டிரஸ்டி அல்லது அதிகாரி. டெமோ நடப்பது கரண்ட் போகாத, ஏசி போட்ட அறையில், பாடம் ஏற்கெனவே தெரிந்த பெரியவர்கள் முன்னால். மனித இதயம் திரையில் சுழன்று துடிப்பதைக் கண்டு அசந்து போகிறார்கள். அவர்களுக்கு இதயம் எப்படி வேலை செய்கிறது என்று முன்பே தெரியும்; அதனால்தான் படம் புரிகிறது. தெரியாத பிள்ளைக்கு அது இன்னொரு கார்ட்டூன்.

நம் மாநகராட்சியையே எடுத்துக்கொள்வோம். 2015இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப் கொடுத்தார்கள். 22,000க்கும் மேற்பட்ட டேப்கள். புத்தகப் பையின் கனத்தைக் குறைப்பதாகச் சொன்னார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2018இல் மகாராஷ்டிர அரசு எட்டாம் வகுப்புப் பாடநூலையே மாற்றிவிட்டது. புத்தகமாக இருந்தால் பழையதை எடைக்குப் போட்டுப் புதியதைக் கொடுத்துவிடலாம். டேப்பில் இருக்கும் பாடத்தை யார் மாற்றுவது, எந்த கான்ட்ராக்டில், யார் செலவில்? பேட்டரி உப்பிக்கொண்டால் யாரிடம் போவது? இந்தக் கேள்விகளை டெண்டர் போடும் நாளில் கேட்டால் கல்வி விரோதி என்பார்கள்.

வடாலாக்காரருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. நம் தலைக்கு மேலேயே உதாரணம் நிற்கிறது. 2014 பிப்ரவரியில் செம்பூரிலிருந்து வடாலா வரை மோனோரயில் வந்தது. சுதந்திர இந்தியாவிலேயே முதல். நாமும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கே திரும்பினோம். நடத்திய மலேசிய நிறுவனத்தின் ஒப்பந்தம் 2018 டிசம்பரில் ரத்தானது. உதிரி பாகம் கிடைக்காமல் வண்டிகள் முடங்கின. 2025 செப்டம்பரில் ஓட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். மோனோரயிலை வாங்கிய துறை வேறு, டேப்பை வாங்கிய துறை வேறு. முறை ஒன்றுதான்: பொருளை முதலில் வாங்குவது, தேவையைப் பிறகு தேடுவது.

இந்த வழியில் நமக்கு முன்னால் பெரிய மனிதர்களும் போயிருக்கிறார்கள். நூறு டாலர் லேப்டாப்பால் ஏழை நாடுகளின் கல்வியை மாற்றிவிடலாம் என்று அமெரிக்காவின் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 2005இல் புறப்பட்டார். அந்தப் பச்சை நிற லேப்டாப்பை இந்தியாவில் முதலில் கொண்டுபோனது 2007இல், நம் பக்கத்து ராய்காட் மாவட்டத்தில், கர்ஜத் அருகேயுள்ள கைராட் கிராமத்துக்கு. பெரு நாடு அதை லட்சக்கணக்கில் வாங்கியது. 319 பள்ளிகளில் ஆய்வு செய்து 2012இல் வெளியான முடிவு: கணக்கிலும் மொழிப் பாடத்திலும் எந்த முன்னேற்றமும் இல்லை. அதற்கிடையில் 2011 அக்டோபரில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். அந்தத் திட்டத்தைப் பிற்பாடு தூக்கிச் சுமந்தது பவாயிலுள்ள ஐ.ஐ.டி. இன்று ஒரு ஆகாஷைக் காட்டச் சொன்னால் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, இவர் கம்ப்யூட்டர் என்றாலே பயப்படும் ஆள் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். திரையைக் கண்டாலே தீட்டு என்பதும் மூடநம்பிக்கைதான். சான்று எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போவதுதான் பகுத்தறிவு. சான்று இருக்கிறது. அதன் ஒரு பாதி இதே மும்பையில் கிடைத்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் மும்பையிலும் குஜராத்தின் வடோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் இரண்டு வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதித்தவர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளாதார ஆய்வாளர்கள். 2019இல் நோபல் வாங்கினார்களே, அந்த இருவர்தான். நடத்தியது பிரதம், மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1990களில் தொடங்கிய அமைப்பு. முதல் வழிக்குப் பால்சகி என்று பெயர். அந்தந்த வட்டாரத்திலேயே பள்ளிப் படிப்பு முடித்த ஓர் இளம்பெண். இரண்டு வாரப் பயிற்சி. மாதம் 500 முதல் 750 ரூபாய் வரை ஊதியம். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளில் பதினைந்து இருபது பேரை அவள் தனியாக உட்கார வைத்து, தினமும் இரண்டு மணி நேரம், ஒன்றாம் வகுப்பில் விட்டுப்போனதைச் சொல்லிக் கொடுப்பாள். வகுப்பறைகூட வேண்டாம், வராந்தா போதும்.

இரண்டாவது வழி கம்ப்யூட்டர். வடோதராவில் குஜராத் அரசு ஏற்கெனவே பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. 2002இல் போய்ப் பார்த்தால் பிள்ளைகளின் கை பட்ட கம்ப்யூட்டர் மிகச் சில. எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரதம் அதில் கணக்கு விளையாட்டுகளைப் போட்டு, வாரம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்தது.

முடிவு 2007இல் வெளியானது. இரண்டுமே பலன் தந்தன. ஆம், கம்ப்யூட்டரும்தான், கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியது. ஆனால் செலவைக் கணக்கிட்டபோது, ஒரு ரூபாய்க்குக் கிடைத்த பலனில் பால்சகி கம்ப்யூட்டரைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மேல்.

இந்த முடிவு ஒரு மருந்தைப் பற்றியது என்று வையுங்கள். அதே வேலையைச் செய்யும் இரண்டு மாத்திரை. ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு மலிவு. மலிவான மாத்திரை இருப்பதையே சொல்லாமல் விலை கூடியதை எழுதித் தரும் டாக்டரை என்ன சொல்வோம்? ஏன் எழுதித் தருகிறார் என்று நமக்குத் தெரியும். பால்சகிக்கு ஏஜெண்ட் கிடையாது. அவளுக்கு டெண்டர் கோர முடியாது. வாரண்டி இல்லை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புது மாடல் வராது. அவளை ஐந்து நட்சத்திர ஓட்டலில் டெமோ காட்டி யாரும் லாபம் பார்க்க முடியாது. அவள் பெயரில் ரிப்பன் வெட்டினால் போட்டோவில் ஒரு வராந்தாவும் கிழிந்த பாயும்தான் விழும். சந்தை விற்க முடிந்ததை மட்டுமே விற்கும். சந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்கு என்ன வந்தது?

திரை உண்மையாகவே பலன் தந்த இடம் டில்லி. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் அங்கே ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. மென்பொருள் அந்தப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக் கணக்கைக் காட்டவில்லை. எங்கே விட்டதோ அங்கே போய், மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கியது. பாதி நேரம் மென்பொருள், பாதி நேரம் ஆள் வைத்துப் பாடம். நாலரை மாதத்தில் மற்றப் பிள்ளைகளைப்போல் இரு மடங்குக்கும் மேல் முன்னேற்றம்.

கவனியுங்கள்: பால்சகி செய்ததும் இதுதான். பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கே போய்க் கைபிடித்தாள். சுவரில் மாட்டும் ஸ்மார்ட் போர்டு இதற்கு நேர் எதிர். நாற்பது பிள்ளைகள் நாற்பது இடத்தில் நிற்க, போர்டு ஒரே பாடத்தை வண்ணமாக ஓட்டிவிட்டுப் போகிறது. கரும்பலகையாவது ஆசிரியர் அழித்து எழுத இடம் கொடுக்கும்.

தமிழ்நாட்டுக்குப் போவோம். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தைப் பற்றிக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூலித் தொழிலாளியின் மகளுக்குச் சொந்தமாக ஒரு லேப்டாப் என்பது சொத்து, கௌரவம். அதைச் சொத்து என்றே சொல்லிக் கொடுக்கலாம்; பாடம் நடத்தும் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பாடம் நடத்தியது வேறொன்று. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் பிள்ளைகள் விட்டதில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் என்றும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வு காட்டியது. மும்பைப் பால்சகியின் தமிழ்நாட்டுத் தங்கை என்று சொல்லலாம்.

மும்பையில் முதல் ஏழு வகுப்புகளுக்குப் பள்ளிக் கதவு 2020 மார்ச்சில் மூடி 2021 டிசம்பர் 15 அன்றுதான் திறந்தது. வடாலா சங்கம் நகரின் ஒற்றையறைக் கோலி ஒன்றில் அந்த 21 மாதம் எப்படிப் போயிருக்கும் என்று இங்கே வாழ்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், மூன்று பிள்ளைகள், ரீசார்ஜ் தீர்ந்தால் பள்ளியும் தீர்ந்தது. அந்த நேரத்தில் ஆன்லைன் கல்வியின் பொற்காலம் என்று பத்திரிகைகள் எழுதின. பொன் யாருக்கு என்பதை எழுதவில்லை. பிள்ளைகளிடமிருந்து எடுத்தது காசு மட்டுமல்ல. 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, அவற்றில் பத்துக்கு ஒன்பது, பிள்ளைகளின் தகவல் உரிமைக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் இயங்குவதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மே மாதம் அறிக்கை தந்தது. நம் மத்திய அரசின் திக்ஷா செயலியும் அந்த ஆய்வில் சிக்கியது.

"ஆசிரியரே இல்லாத இடத்தில் திரையாவது இருக்கட்டுமே" என்பார்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது ஒன்றுதான். மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் இல்லாமல் போனது பூகம்பத்தாலா? 2025-26இல் 74,000 கோடி ரூபாய்க்கு மேல் பட்ஜெட் போட்ட மாநகராட்சி இது. நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி. இருக்கிற ஆசிரியரையும் வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்துச் சால் குடியிருப்புகளுக்கெல்லாம் அனுப்புகிறோம். தேர்தல் வேலைக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. ஆசிரியரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, காலியான நாற்காலிக்கு எதிரே திரையை மாட்டி, பற்றாக்குறைக்குத் தீர்வு கண்டோம் என்று சொல்ல முகம் வேண்டும்.

இதே நகரத்தின் பெரிய சர்வதேசப் பள்ளிகள் என்ன சொல்லி விளம்பரம் செய்கின்றன என்று பாருங்கள்: இத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று. பணக்காரப் பிள்ளைக்கு ஆசிரியரோடு திரை. ஏழைப் பிள்ளைக்கு ஆசிரியருக்குப் பதில் திரை. பள்ளிகளைத் திரைமயமாக்குவதில் முன்னால் நின்ற சுவீடன், 2023இல் பாடப் புத்தகங்களை வாங்கப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. அவர்கள் திரும்பி வரும் வழியில், நாம் ரயிலைப் பிடிக்கப் பறக்கிறோம்.

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து, மாடிப்படிக்குக் கீழே நடக்கும் ஆங்கிலவழிப் பள்ளியில் நாம் சேர்ப்பது எதைப் பார்த்து? ஆசிரியர் யார் என்று கேட்டோமா? ஏசி இருக்கிறதா, ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்று கேட்டோம். தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் பெரியார் படமும் அம்பேத்கர் படமும் மாட்டிய வீடுகளில் கூட இதுதான் நடக்கிறது. அந்த இருவரும் 1940 ஜனவரியில் இதே பம்பாயில் சந்தித்தார்கள். அவர்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, "ஆஃபர் இன்று ராத்திரி 12 மணி வரைதான் சார்" என்ற போனுக்கு ஓ.டி.பி. சொல்லிக்கொண்டிருக்கிறோம். ராகுகாலம் பார்க்காத ஆள், ஆஃபர் காலம் பார்க்கிறார்!

ஆகவே ஒரு வேண்டுகோள். கல்வி உரிமைச் சட்டப்படி மாநகராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போங்கள், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். தனியார் பள்ளி என்றால் மகாராஷ்டிரத்தின் 2011ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. கட்டணத்தை ஏற்றப் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் செயற்குழுவிடம் நிர்வாகம் ஒப்புதல் கேட்க வேண்டும். ஸ்மார்ட் கிளாஸ் என்று ஒரு தொகை போட்டிருந்தால், அது வருவதற்கு முன்பும் பின்பும் பிள்ளைகளுக்கு வைத்த தேர்வின் மதிப்பெண்ணை அங்கே கேளுங்கள். மாநகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்: உங்கள் வார்டில் வாங்கிய டேப் எத்தனை, இன்று வேலை செய்வது எத்தனை, அதே ஆண்டில் காலியாக இருந்த ஆசிரியர் பணியிடம் எத்தனை. மகாராஷ்டிர விதிப்படி மனு ஒரே பொருளைப் பற்றி, 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும்; ஆகவே ஆசிரியர் கணக்குக்குத் தனி மனு போடுங்கள். மராத்தியில் எழுத உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளையே உதவும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.